கூப்பிடு தூரத்தில் ஒரு கடை

எங்கள் வீட்டு நடையிலிருந்து அண்ணாச்சி கடைக்கு 62 எட்டு. இந்த எண்ணிக்கை எனக்கு மறக்காது. தினமும் சாயங்காலம் ஆச்சிக்காக அந்த 62 எட்டையும் நடந்தவன் நான்தான். தென்காசிப் பக்கத்துக் கிராமம்; நாற்பது வருஷத்துக்கு முந்திய காலம். கடை என்றால் அண்ணாச்சியின் வீட்டு முன்திண்ணைதான். நாலு பலகை, மிட்டாய் போத்தல்கள், தொங்கும் வாழைத்தார், தூணில் கட்டிய தேங்காய்நார்க் கயிறு. அந்தக் கயிற்றின் நுனியில் எப்போதும் ஒரு சிவப்புக் கங்கு கனன்றுகொண்டிருக்கும். பீடி வாங்குகிறவர்கள் தீப்பெட்டிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். குனிந்து கயிற்றில் பற்றவைத்துக்கொண்டு போகலாம்.

"என்னல, ஆச்சிக்கா?"

"ஆமா அண்ணாச்சி. நாலணாவுக்கு."

கட்டிலிருந்து ஒரு புகையிலையை உருவி, பாக்குவெட்டியால் நறுக்கி, வாழைச்சருகில் மடித்துத் தருவார். கையில் காசு இல்லாத நாளில் பற்று நோட்டில் ஆச்சி பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். எட்டு வயதுப் பையனிடம் புகையிலையைக் கொடுக்கிறோமே என்ற நினைப்பு அவருக்கும் இல்லை, வாங்கிவரச் சொன்ன ஆச்சிக்கும் இல்லை. இன்றைய சட்டப்படி அது சாதாரணத் தப்பில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தையின் கையில் புகையிலையைக் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். இருந்தும் 'பாட்டிக்கு', 'அப்பாவுக்கு' என்று சொல்லி வாங்கிப்போகும் பிள்ளைகளை இன்றைக்கும் கிராமத்துக் கடைகளில் பார்க்கிறேன்.

இந்த அத்தியாயம் அந்த 62 எட்டைப் பற்றியது. ஒரு பொருள் எவ்வளவு பக்கத்தில் கிடைக்கிறது என்பது, அதற்கு நாம் அடிமையாவதையும் அதிலிருந்து மீள்வதையும் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது? கிராமத்துக்கும் நகரத்துக்கும் அந்தத் தூரம் ஒன்றுதானா?

முதலில் ஒரு முரண். 2016–17-இல் நாடு முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இரண்டாம் சுற்றில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவது தெரியவந்தது. தலைக்கணக்கில் ஏறக்குறைய 26.7 கோடிப் பேர். அவர்களைப் பிரித்துப் பார்த்தால் கிராமங்களில் 32.5 விழுக்காடு, நகரங்களில் 21.2 விழுக்காடு. ஆனால் சென்னையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று சுற்றிலும் பாருங்கள். டீக்கடை, பெட்டிக்கடை, பங்க் கடை என்று கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே ஏழெட்டு இருக்கும். கிராமத்தில் மொத்தமே மூன்றோ நான்கோதான். கடை குறைவாக இருக்கும் இடத்தில் பழக்கம் எப்படி அதிகமாக இருக்கிறது?

வருமானம், படிப்பு, வேலையின் கடுமை, வெற்றிலையோடு ஒட்டிய வழக்கம் என்று பல காரணங்களைச் சொல்லலாம், அத்தனையும் உண்மைதான். ஆனால் 'கடை குறைவு' என்ற அந்த முதல் வாக்கியமே சரியா என்று கேட்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. எதை வைத்துக் குறைவு என்கிறோம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனைதான், ஆனால் நடப்பில் இல்லாதவை அல்ல. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நகர வார்டு; 30,000 பேர்; புகையிலை விற்கும் கடைகள் 60. ஒரு கிராமம், வயல், குளம், புறம்போக்கு எல்லாம் சேர்த்து 8 சதுர கிலோமீட்டர், 800 பேர், கடைகள் நான்கு. பரப்பால் வகுத்தால் நகரத்தில் சதுர கிலோமீட்டருக்கு 60 கடை, கிராமத்தில் அரைக் கடை. நகரம் 120 மடங்கு மோசம். தலையால் வகுத்தால் நகரத்தில் ஆயிரம் பேருக்கு 2 கடை, கிராமத்தில் 5. இப்போது கிராமம்தான் மோசம். மூன்றாவதாக, ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் மிக அருகில் உள்ள கடைக்கு எத்தனை எட்டு என்று நடந்து அளந்தால், இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே விடை வரும். நம் கிராமங்களில் வயல்தான் பரந்து கிடக்கும். வீடுகள் நத்தத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். எட்டு சதுர கிலோமீட்டர் என்பது வருவாய்த்துறைக் கணக்கு. மனிதர்கள் வாழ்வது அதில் ஒரு மூலையில்.

ஒரே கேள்விக்கு மூன்று அளவுகோல், மூன்று விடை. புகையிலைச் சில்லறை விற்பனையை ஆராய்கிறவர்கள் எதிர்கொள்ளும் முதல் சிக்கல் இதுதான். வெளிநாட்டு ஆய்வு முடிவுகளை அப்படியே எடுத்து நம் ஊருக்குப் பொருத்த முடியாததற்கும் இதுவே காரணம். அமெரிக்காவின் நடு மாநிலங்களில் கிராமம் என்றால் பண்ணை வீடுகள் மைல் கணக்கில் தள்ளித்தள்ளி இருக்கும். அங்கே சிகரெட் வாங்குவது பெரும்பாலும் காரில் போய், பெட்ரோல் போடும் இடத்தில். தூரமாகப் போகிறவர் மொத்தமாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வார். நம் கிராமத்தில் வீட்டில் இருப்பு வைக்கத் தேவையே இல்லை. அண்ணாச்சியின் கடைதான் எல்லாருக்கும் இருப்பறை.

மூன்று அளவுகோல்களில் எது உடம்போடும் மனத்தோடும் ஒத்துப்போகிறது? விடையின் ஒரு பகுதி நிகோடினின் இயல்பிலேயே இருக்கிறது. புகையாக இழுத்தால் அது 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். மென்றாலோ உதட்டில் அடக்கினாலோ மெதுவாக ஏறும். ஆனால் நெடுநேரம் நிற்கும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அளவு இறங்க இறங்க நாக்கும் கையும் தேட ஆரம்பிக்கும். விட நினைக்கிறவர்களுக்கு அந்தத் தவிப்பு அலைபோல வரும். எழும்பும், உச்சத்தைத் தொடும், சில நிமிஷங்களில் தணியும். அந்தச் சில நிமிஷங்களைத் தாண்டிவிட்டால் அந்த அலையை வென்றாயிற்று. கடை 62 எட்டில் இருந்தால் போய்த் திரும்ப இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அலை உச்சத்துக்கு வரும்போதே புகையிலை கையில் இருக்கும். கடைக்குப் போக இருபது நிமிஷம் ஆகுமென்றால், செருப்பை மாட்டி வாசல் தாண்டுவதற்குள் பாதித் தவிப்பு அடங்கியிருக்கும்.

இதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், புகைப்பதை விட முயன்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. வீட்டிலிருந்து 250 மீட்டர், 500 மீட்டருக்குள் கடை இருந்தவர்கள் விட்ட பழக்கத்தை விட்டபடியே இருப்பது குறைவாக இருந்தது. வீட்டைச் சுற்றி மொத்தம் எத்தனை கடை என்ற எண்ணிக்கையோ அவ்வளவு தெளிவான தொடர்பைக் காட்டவில்லை. பின்லாந்தில் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வந்தது. வீட்டுக்கும் கடைக்கும் இடையிலான தூரம் அரைக் கிலோமீட்டர் கூடும்போது விடுவதற்கான வாய்ப்பும் கூடியது. அறுபது கடை இருப்பதைவிட அறுபது எட்டில் ஒரு கடை இருப்பதுதான் ஆளைப் பிடித்து வைக்கிறது. ஆனால் இந்த இரண்டு ஆய்வும் சிகரெட்டைப் பற்றியவை. 2016–17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைப்பவர் 10.7 விழுக்காடு, புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துபவர் அதன் இரு மடங்காக 21.4 விழுக்காடு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே அந்த முடிவுகளை நாம் படிக்க வேண்டும்.

தூரத்தையும் ஒரு விலையாகப் பார்க்கலாம் என்று காட்டிய ஒரு கணினி ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் லூக் குழுவினர் 2017-இல் கணினிக்குள்ளேயே சில ஊர்களைக் கட்டினார்கள். அதற்குப் 'புகையிலை ஊர்' என்றே பெயர். அதில் கற்பனை மனிதர்கள் வேலைக்குப் போவார்கள், திரும்புவார்கள், சிகரெட் தீர்ந்ததும் எந்தக் கடைக்குப் போவது என்று முடிவெடுப்பார்கள். பாக்கெட் விலையோடு போகிற நேரம், பயணச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து 'வாங்கும் செலவு' என்று கணக்கிட்டார்கள். பிறகு கடைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். கொஞ்சம் குறைத்தபோது செலவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒரு கடை போனால் அடுத்த கடை பக்கத்திலேயே இருந்தது. பெரும்பாலான கடைகளை எடுத்த பிறகுதான் செலவு செங்குத்தாக ஏறியது.

அந்த ஆய்வு கட்டியவை நகர்ப்புறமும் புறநகரமும்தான். கிராமம் அதில் இல்லை. ஆனால் அதே தர்க்கத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். சென்னை வார்டில் 60 கடையில் 20 மூடினாலும் யாருக்கும் தெரியாது. கிராமத்தில் நான்கில் இரண்டு மூடினால் தெருவில் பாதிப் பேருக்குத் தூரம் இரட்டிப்பாகும். நகரத்தில் 40 கடையை மூடிக் கிடைக்கும் பலன், கிராமத்தில் இரண்டு கடை விற்பனையை நிறுத்தினாலே கிடைக்கலாம். ஆனால் நம் சட்டங்களும் அமலாக்கமும் எப்போதும் நகரத்தை நினைத்தே செய்யப்படுகின்றன என்பது என் ஆற்றாமை.

100 கெஜம் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக் கூடாது. அந்தத் தூரத்தைப் பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து நாலாபுறமும் நேர்க்கோட்டில் அளக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. 50 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சின்னப் பள்ளி வளாகத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தடை செய்யப்படும் பரப்பு 47,000 சதுர மீட்டர், 11.5 ஏக்கருக்கும் மேல். சிறிய கிராமம் ஒன்றின் நத்தம் முழுக்கவே அதற்குள் அடங்கிவிடலாம். ஊர் நடுவே தொடக்கப்பள்ளி இருக்கும் ஊர்களில், விதியை எழுத்துப்படி நிறைவேற்றினால் அண்ணாச்சி கடை உட்பட ஒரு கடையிலும் புகையிலை விற்க முடியாது. நகரத்தில் இந்த விதியை ஒட்டி அதிகாரிகள் எப்போதாவது வருவார்கள், அபராதம் போடுவார்கள், செய்தித்தாளில் படம் வரும். கிராமத்துக்கு அளவுநாடாவோடு ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை. வலிமையாக வேலை செய்யக்கூடிய இடத்தில் அந்த விதி தூங்குகிறது.

உரிமம் என்ற ஏற்பாடும் அப்படியே. புகையிலை விற்கத் தனி உரிமம் வேண்டும், அப்படி உரிமம் பெற்ற கடையில் மிட்டாய், பிஸ்கட், குளிர்பானம் போன்ற பிள்ளைகள் தேடி வரும் பொருள்களை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. லக்னோ போன்ற சில மாநகராட்சிகள் அதை ஏற்று விதி செய்தன. நல்ல யோசனைதான். ஆனால் கிராமத்தில் புகையிலைக்கென்று தனிக் கடை எங்கே இருக்கிறது? சோப்பு, உப்பு, தீப்பெட்டி, பிஸ்கட், பீடிக்கட்டு எல்லாம் ஒரே பலகையில். பிரிக்கச் சொன்னால் புகையிலையை விட்டுவிட்டு மளிகையை மட்டும் வைத்துக்கொள்ளத்தான் கடைக்காரருக்கு முடியும். அது நடந்தால் நல்லதே. ஆனால் அந்த இழப்பை அவர் எப்படி ஈடு செய்வார் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும். புகையிலையில் ஒரு துண்டுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். அதை வாங்க வருகிறவர் கூடவே வாங்கிப்போகும் உப்பும் புளியும்தான் கடையை நடத்துகின்றன.

ஸ்காட்லாந்தில் 2011 முதல் புகையிலை விற்கும் ஒவ்வொரு கடையும் அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. அதனால்தான் அங்கே ஆய்வாளர்கள் வரைபடம் போட்டு, எந்தத் தெருவில் பிள்ளைகள் கடையைத் தாண்டிப் போகிறார்கள் என்றுகூடச் சொல்ல முடிகிறது. ஹங்கேரியில் 2013-இல் 40,000-க்கும் மேற்பட்ட இடங்களில் நடந்த விற்பனையைச் சில ஆயிரம் தனிக் கடைகளாகச் சுருக்கினார்கள். நியூசிலாந்து 2022-இல் 6,000 கடைகளை 600 ஆகக் குறைக்கச் சட்டமே இயற்றியது. அடுத்து வந்த அரசு 2024 பிப்ரவரியில் அதை ரத்து செய்துவிட்டது. எண்ணத் தெரிந்தவர்களால்தான் குறைக்கவும் முடிகிறது. நாம் இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை.

கடை எத்தனை, எவ்வளவு தூரம் என்பதோடு விஷயம் முடியவில்லை. எப்படி விற்கிறது என்பதும் இருக்கிறது. பாக்கெட்டின் மேல் 85 விழுக்காட்டை அடைத்துக்கொண்டு எச்சரிக்கைப் படம் வர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் நடைமுறை. 2018 செப்டம்பரிலிருந்து, விட நினைப்பவர் அழைக்கலாம் என்று 1800-11-2356 என்ற இலவச எண்ணும் அதில் அச்சாகிறது. சில்லறையாக ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவர் இவற்றைப் பார்ப்பதே இல்லை. பாக்கெட் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. படமும் எண்ணும் அவரோடே இருந்துவிடுகின்றன. வாழைச்சருகில் மடித்த புகையிலையில் என்ன படம் இருக்கும்? கர்நாடகம் 2017-இலும் மகாராஷ்டிரம் 2020-இலும் சில்லறையாக விற்பதைத் தடை செய்தன. அன்றாடக் கூலியில் வாழ்கிறவர் முழுப் பாக்கெட் வாங்க யோசிப்பார். ஒன்று வாங்க யோசிக்க மாட்டார். கடனும் சேர்ந்தால் அந்த ஒரு யோசனையும் போய்விடும். நகரத்து பங்க் கடைக்காரர் முகம் தெரியாதவருக்குக் கடன் தருவதில்லை. கிராமத்தில் பற்று நோட்டு இருக்கிறது. கூலி கிடைக்காத வாரத்திலும் பீடிக்கட்டு கிடைக்கும்.

2013 முதல் தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை உண்டு. தடை செய்த சரக்கைக் கடைக்காரர் அறிமுகமானவருக்கு மட்டுமே கொடுப்பார். நகரத்தில் அது ஓரளவு வடிகட்டி. கிராமத்தில் அறிமுகமில்லாதவர் யார்?

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்தில் பீடி சுற்றுவது வீட்டுக்கு வீடு பெண்கள் செய்யும் தொழில். மடியில் தட்டு, நறுக்கிய இலை, புகையிலைத் தூள், நூல். பேசிக்கொண்டே, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே விரல் ஓடும். அந்த வீடுகளில் புகையிலைக்கும் மனிதருக்கும் இடையிலான தூரம் பூஜ்யம். எந்த அளவுகோலிலும் அந்த வீடு 'கடை' என்று பதிவாகாது.

2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது மத்திய உள்துறை அமைச்சகம் மது, குட்கா, புகையிலை விற்பனைக்குத் தடை விதித்தது. நாடே ஒரு பெரிய சோதனைக்கூடமாக மாறிய நாள்கள் அவை. சென்னையில் இருந்த என் நண்பர் ஒருவர், பங்க் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்த அந்த வாரங்களில்தான் சிகரெட்டை விட்டார், இன்றுவரை தொடவில்லை. ஊரில் விசாரித்தபோது அப்படி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. பலகையை எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கடையும் வீடும் ஒன்றாக இருக்கும்போது கதவைத் தட்டினால் போதும்.

விட உதவி செய்யும் இடம் எங்கே இருக்கிறது என்பதையும் இதே எட்டுக் கணக்கில் அளக்க வேண்டும் என்பேன். தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007–08-இல் தொடங்கியது. அதன் கீழ் உள்ள மீட்பு மையங்கள் பெரும்பாலும் மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கின்றன. நகரத்துக்காரருக்கு அது ஓர் ஆட்டோ தூரம். கிராமத்துக்காரருக்கு இரண்டு பஸ், ஒரு நாள் கூலி. அங்கே ஒருவர் அரை மணி நேரம் பேசி மனத்தைத் திடப்படுத்தி அனுப்பினாலும், திரும்பி வந்து இறங்கும் பஸ் நிறுத்தத்திலேயே கடை நிற்கும்.

ஆச்சிக்கு எழுபது தாண்டியபோது இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு ஒன்று வந்தது. திருநெல்வேலிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, இனிமேல் புகையிலை வாயில் படக் கூடாது" என்றார். ஆச்சி தலையாட்டினாள். மறுநாள் சாயங்காலம் என் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் போய் வெறுங்கையோடு வந்தான்.

"அண்ணாச்சி இல்லைங்காரு."

"கட்டு தொங்குதா, பாத்தியா?"

"தொங்குது. ஆச்சிக்குன்னா இல்லையாம்."

அம்மா முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். முப்பது வருஷம் ஆச்சிக்குப் புகையிலை நறுக்கிக் கொடுத்த மனிதர், அன்றைக்குப் பிறகு ஒரு துண்டும் கொடுக்கவில்லை. எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. ஆச்சியைத் தெரியும், அவள் வாயில் என்ன வந்திருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். நகரத்து பங்க் கடையில் இப்படி ஒரு மறுப்பு நடக்க வழியே இல்லை. கிராமத்தில் புகையிலையைக் கைக்கெட்டும்படி வைத்திருந்த அதே அறிமுகம்தான் அதை எட்டாமலும் ஆக்கியது.

ஆச்சி கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தடியை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினாள். அடுத்த கடை கீழத்தெருவில், பிள்ளையார் கோயிலைத் தாண்டி. நான் பிறகு எண்ணிப் பார்த்தேன்: 410 எட்டு. கோயில் வாசல்படி வரை போய் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.